ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் தைரியம்

போன வருடம் ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அமிர்தியில் பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி முகாம் நடந்தது. அமிர்தி என்றால் வேலூர்க்காரர்களுக்கு மிருகக்காட்சி சாலையும் மழைக்காலத்து அருவியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கோ அமிர்தி என்றால் கடைசி பஸ். அதைத் தவறவிட்டால் கணியம்பாடி சாலையில் நின்று யாரையாவது கைகாட்டி நிறுத்த வேண்டும். அந்த 'யாராவது' யார் என்ற கேள்வியோடுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் வளர்கிறோம்.

முகாமுக்குத் தலைக்கு 300 ரூபாய். வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி உதறுவது, பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றினால் எங்கே முழங்கையால் இடிப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "இதெல்லாம் ஒருத்தன் வந்தா. நாலு பேர் வந்தா? கவர்மென்ட்டே லேடீஸுக்குன்னு ரிவால்வர் பண்ணுது. லைசென்ஸ் எடுத்துப் பையில வெச்சுக்கங்க. தைரியம் தானா வரும்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்: "அந்த லைசென்ஸு எடுக்க எம்மா ஆவுண்ணா?"

அவள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் வேன் ஏறி, ஒன்றரை மணி நேரம் போய், நாள் முழுக்க அப்பர் தைத்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. ரேஷன் கார்டுக்கு, சாதிச் சான்றிதழுக்கு, வண்டி லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் பெரிய தொகைம்மா" என்றார்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. பெரிய தொகை என்று தெரிந்தே ஒரு பொருளை ஏன் எங்களிடம் சிபாரிசு செய்தார்? அந்தத் தொகை எதற்கெல்லாம் சேர்கிறது? தொகை குறைந்தால் நமக்கு நல்லதா? ஒரு கட்டணத்தை விமர்சனம் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கவிதையையும் சினிமாவையும் பெண்ணியப் பார்வையில் படிக்கும் நாம் ஒரு விலைச்சீட்டையும் அப்படிப் படிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். விலைச்சீட்டும் பெண்ணைப் பற்றி எதையோ சொல்கிற எழுத்துதான்.

பயிற்சியாளர் சொன்ன ரிவால்வர் உண்மையில் இருக்கிறது. அதன் பெயர் 'நிர்பீக்'. கான்பூரில் உள்ள மத்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் அதை வெளியிட்டது. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி இறந்த மாணவிக்குப் பத்திரிகைகள் 'நிர்பயா' என்று பெயர் வைத்தன. பயமற்றவள் என்று பொருள். நிர்பீக் என்றாலும் அதே பொருள்தான். .32 விட்டம், ஆறு குண்டு, அரைக் கிலோ எடை. வந்தபோது விலை 1,22,360 ரூபாய். நகை வைக்கும் பெட்டியைப் போன்ற மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். அந்த மாணவி பயமற்றவளாக இருக்கவில்லை, இருக்க வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. அவள் சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள். முதலில் நாம் அவளை வீராங்கனை ஆக்கினோம். அடுத்து அந்த வீரத்தை ஒரு பொருளின் பெயராக்கினோம். பஸ் யாருடையது, அது எப்படி அனுமதி இல்லாமல் ஓடியது, சாலையில் ரோந்து எங்கே போனது என்ற கேள்விகள் அவளுடைய மரணத்திலிருந்து எழுந்திருக்க வேண்டியவை. அவற்றின் இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து பெட்டி. ஆணுக்கு விற்கும் துப்பாக்கியை யாரும் நகைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பதில்லை. பெண் என்றால் நகை, அவள் வைத்துக்கொள்ளும் எதுவும் நகையின் தங்கச்சிதான் என்ற எண்ணம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. இது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1989இலேயே 'லேடி ஸ்மித்' என்று பெண்களுக்கான ரிவால்வரை விற்கத் தொடங்கிவிட்டது. ஆண்களிடம் விற்று முடித்த சந்தை அடுத்து பெண்ணின் பயத்தைத் தேடி வருகிறது.

கடைசியாக விலை. கேள்வி கேட்ட அந்தப் பெண் மாதம் கையில் வாங்குவது பத்தாயிரத்துச் சொச்சம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டாமல் ஒரு வருடம் தைத்தால் அவளுக்கு ஒரு நிர்பீக் கிடைக்கும். லைசென்ஸ் கட்டணம், பயிற்சி, குண்டு, வைத்துப் பூட்ட ஒரு பெட்டி எல்லாம் அதற்கு மேல்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயருக்கு வந்த பயத்தில் பிறந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸ் வாங்கச் சொன்னது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. யார் கையில் துப்பாக்கி இருந்தால் அது ஒழுங்கு, யார் கையில் இருந்தால் ஆபத்து என்பதை அன்றைக்கு நிறம் தீர்மானித்தது. சுதந்திர இந்தியா 1959இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு வரி என்னை வியக்க வைத்தது. பிரிவு 14, உட்பிரிவு 2: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஏழைக்குக் கதவைச் சாத்தாதே என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சாத்தாத கதவை விலைச்சீட்டு சாத்திக்கொள்கிறது.

பணம் இருந்தாலும் அடுத்த படி ஒன்று உண்டு. கைத்துப்பாக்கி வேண்டும் என்பவருக்குத் தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அதற்கு அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வர வேண்டும். இதை ஒரு பெண்ணின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன? அவள் கொடுத்த புகார். புகார் கொடுக்கப் போனபோது என்ன நடந்தது? "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோம்மா" என்றார்கள். சி.எஸ்.ஆர். சீட்டு வாங்குவதற்கே நாலு நடை. எந்த நிலையம் அவளுடைய பயத்தைப் பதிவு செய்ய மறுத்ததோ அதே நிலையம்தான் அவளுக்குப் பயம் இருக்கிறது என்று அறிக்கை தர வேண்டும். சொத்துத் தகராறும் தொழில் போட்டியும் இருக்கிற ஆணுக்கு இந்தக் காகிதங்கள் தானாகச் சேரும். அவருடைய ஆபத்துக்கு வழக்கு எண் உண்டு.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் லைசென்ஸோடு சேர்த்தன. ஆயுதத்தைக் கையாளுவது, சுடுவது, பாதுகாப்பாக வைப்பது பற்றிப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். இதில் எனக்கு மறுப்பில்லை. வண்டி ஓட்டவே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லும் நாட்டில், துப்பாக்கிக்குப் பயிற்சி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பயிற்சி என்றால் பயிற்றுநர். பயிற்றுநர் என்றால் கட்டணம். சுடும் களமும் ரைபிள் கிளப்பும் நகரத்தில் இருக்கின்றன, உறுப்பினர் சந்தாவோடு. அமிர்தியிலிருந்து அங்கே போக அதே கடைசி பஸ்தான்.

இந்தப் பயிற்றுநர் கட்டணம் ஒரு முழுத் தொழிலாகவே வளர்ந்த இடம் அமெரிக்கா. டெக்சாஸ் மாநிலம் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தரும் சட்டத்தை 1995இல் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 10 முதல் 15 மணி நேரப் பயிற்சி கட்டாயம். பயிற்சி தருகிறவர் மாநிலத்துக்குத் தனிக் கட்டணம் கட்டித் தானும் சான்று வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அவர் மாணவர்களிடம் வசூலித்துக்கொள்வார். 2013இல் பயிற்சியை 4 முதல் 6 மணி நேரமாகக் குறைத்தார்கள். 2017இல் லைசென்ஸ் கட்டணத்தை 140 டாலரிலிருந்து 40 டாலராக்கினார்கள். 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது. முதலில் நேரம் குறைந்தது, பிறகு பணம் குறைந்தது, கடைசியில் கேள்வியே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, தனியாக இருக்கும் பெண் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்பது.

நம்மிடையேயும் இந்த நியாயத்தைப் பேசுகிறவர்கள் உண்டு. என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: "அப்படின்னா பெண்களுக்கு மட்டும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாமே மேடம்? பஸ்ஸுக்கு இலவசம் தர்ற மாதிரி?" இந்தக் கேள்வியைச் சட்டென்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. பெண்கள் கையில் ஆயுதம் என்றதும் பதறுகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துப் பதறியதில்லை. வன்புணர வருகிறவனைக் கொல்லவும் பெண்ணுக்குச் சட்டம் உரிமை தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 100, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 38. உரிமை தந்துவிட்டுக் கருவியை விலைக்கு எட்டாமல் வைப்பது நியாயமா என்பது நல்ல கேள்விதான்.

ஆனால் அந்தக் கேள்வி ஒரு காட்சியை நம்பி நிற்கிறது. இருட்டு, வெறிச்சோடிய சாலை, முகம் தெரியாதவன், பையில் துப்பாக்கி. அந்தக் காட்சி பொய் என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரிலேயே சினிமா பார்த்துவிட்டு இரவில் ஆட்டோ ஏறிய ஒரு பெண்ணுக்கு நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அவள் தனியாக இல்லை, நண்பர் கூட இருந்தார். ஆனாலும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்வது வேறு. வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் பெண்ணுக்குத் தெரிந்தவன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் இருப்பவனிடமிருந்து காத்துக்கொள்ள வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று அந்த வீட்டுக்காரர் ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். பன்றியைச் சுட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மனைவியை அவர் ஒருநாளும் சுடவில்லை. குடித்துவிட்டு வரும் நாட்களில் அதை எடுத்து வாசல் கதவோரம் சாத்தி வைப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த அக்கா வெளியே வர மாட்டார். எங்கள் அம்மா கொடுத்தனுப்பும் குழம்பைச் சன்னல் வழியாக வாங்கிக்கொள்வார். ஒரு துப்பாக்கி வெடிக்காமலே எவ்வளவு வேலை செய்யும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் தன் குழுவோடு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்ணிக்கையில் சொல்கிறது. அடிக்கும் துணைவனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலை இருந்தால், பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்காகிறது. நிர்பீக் வந்தபோது அதை எதிர்த்து முதலில் பேசியவர்களில் ஒருவர் பினலட்சுமி நேப்ராம். துப்பாக்கியால் கணவனை, மகனை இழந்த மணிப்பூர்ப் பெண்களை ஒன்றுசேர்த்தவர். ஆயுதம் மலிந்த மண்ணிலிருந்து வந்தவருக்கு அந்த மெரூன் பெட்டி அழகாகத் தெரியவில்லை.

நாட்டுத் துப்பாக்கி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிரைக் காக்க வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு அதே 1959 சட்டம் லைசென்ஸ் தருகிறது. ஆனால் மலைக் கிராமத்து மனிதருக்குக் கலெக்டர் ஆபீஸ் தூரம், காகிதம் அதைவிடத் தூரம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் சிறை. அவர் உள்ளே போனால் வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் தாலியை அடகு வைப்பவள் மனைவி. கீழே ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய மனிதர் அதைத் திருவிழாவில் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார். இரண்டு வீட்டிலும் துப்பாக்கி ஆணுடையது. அதன் செலவு மட்டும் பெண்ணின் கணக்கில். குடகில் கொடவர்களுக்கு ஆயுத லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. கட்டணமே இல்லாத அந்த ஊரிலும் மரபுப்படி வானத்தை நோக்கிச் சுட்டது ஆண்குழந்தை பிறந்தால்தான்.

தமிழில் எழுதும் ஒருத்தி பெண்ணையும் துப்பாக்கியையும் பற்றிப் பேசும்போது ஈழத்தைத் தாண்டிப் போக முடியாது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அது அவர்களுக்கு வீட்டை உடைத்து வெளியே வரும் வழியாக இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். 2009க்குப் பிறகு அவர்களில் பலர் திரும்பிய ஊர், ஆயுதம் பிடித்த கையைக் கல்யாணத்துக்கு ஆகாத கையாகப் பார்த்தது என்பதும் உண்மை. துப்பாக்கி போன பிறகு ஊர் மாறாமலே இருந்தது. 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம, போரின் நடுவே பெண்கள் பட்டதைப் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் கேட்க முடியவில்லை. பேசுகிறவளைச் சுடுவது சாத்தியமான ஒரு ஊர் எப்படி உருவானது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே என் மாணவிக்கு நான் சொன்ன பதில் இது. பஸ் இலவசமும் துப்பாக்கித் தள்ளுபடியும் ஒன்றல்ல. பஸ் என்பது அரசு நமக்காகச் செய்ய வேண்டியதைச் செய்வது. துப்பாக்கி என்பது அரசு செய்ய வேண்டியதை நீயே செய்துகொள் என்று கையில் கொடுப்பது. கட்டணம் 40 டாலரானாலும் இலவசமானாலும், நம்மைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்க நம் தலையில் வந்து விழுந்திருக்கும். துப்பாக்கி இருந்தும் சுடவில்லை என்றால் நாளைக்கு அதையும் நம் குற்றமாகக் கேட்பார்கள்.

இன்னொரு தொகையையும் சொல்லி விடுகிறேன். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. குழு அமைக்காத முதலாளிக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. ஒரு நிர்பீக்கின் விலையில் பாதிகூட இல்லை. பெண் தன்னைக் காத்துக்கொள்ளத் தவறினால் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். கம்பெனி அவளைக் காக்கத் தவறினால் ஐம்பதாயிரம்.

முகாம் முடிந்து வரும்போது கேள்வி கேட்ட அந்தப் பெண்ணோடு நடந்தேன். மேலே எழுதியதில் பாதியை அவளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நமக்குத் துப்பாக்கி இன்னாத்துக்குக்கா? வேன்காரன் கூட்ரோட்லயே எறக்கி உட்டுட்டுப் போயிடறான். அங்கேர்ந்து ஊட்டுக்கு ஒண்ணரை கிலோமீட்டரு. ரெண்டு லைட்டு எரியல. வேனு ஊருக்குள்ள வந்தா போதும்." அவளுடைய சேலைத் தலைப்பில் ஒரு ஊக்கு இருந்தது. பஸ்ஸில் நாம் எல்லோரும் வைத்திருந்த அதே ஊக்கு. லைசென்ஸ் கேட்காத ஆயுதம் நமக்கு அது ஒன்றுதான். அதை எடுக்க வேண்டிய தேவை வராமலிருப்பதற்குத்தான் நாம் கேட்க வேண்டும்.

கம்பெனிக்கு ஒரு மனுவும் பஞ்சாயத்துக்கு ஒரு மனுவும் எழுதினோம். அந்த வேனில் வரும் பத்தொன்பது பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மின்விளக்குகளில் ஒன்று எரிகிறது. வேன் இன்னும் கூட்ரோட்டில்தான் நிற்கிறது. இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வேனுக்கு டீசல் செலவு நாளைக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள் அவள். தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டவள் அவள்தானே.